கண்ணை மூடி வைக்கிறவள்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கிற லாட்ஜ் நான் கட்டியது. தேவகோட்டை ரோட்டில் இருக்கிற ஹாலோ பிளாக் கம்பெனி என்னுடையது. சிமெண்டுக் கல்லில் எவன் வீடு கட்டுவான் என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாம் இன்றைக்கு என் கல்லுக்குள்தான் குடியிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த கல்யாண மண்டபம் ஒன்று. அமராவதிபுதூர் போகிற வழியில் பொட்டல் காட்டில் வரிசை வீடுகள். அங்கே பாம்புதான் குடி வரும் என்றார்கள். கிணறு தோண்டினால் புழுதிதான் வரும் என்றார்கள். தண்ணீர் வந்தது, ஆட்களும் வந்தார்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் அப்பாவுக்கு உளிப்பை தூக்கிக்கொண்டு தச்சு வேலைக்குப் போனவன். எவனுடைய சிபாரிசிலும் எனக்கு எதுவும் வரவில்லை. ஓசியில் ஒரு டீ குடித்தவனில்லை நான்.

இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்லிவைக்கிறேன் என்றால், இப்படிப்பட்டவன் ஒரு பொம்பளைப் பிள்ளையின் கம்ப்யூட்டர் முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்ததைப் பின்னால் சொல்லப்போகிறேன். அப்போது யாரும் என்னை இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளே தன் வேலை எதிலும் பெயர் போட்டுக்கொண்டதில்லை. வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் குடியிருந்தாள். புருஷன் மினி லாரி ஓட்டினான். முன் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குள் ஓடுகிற காத்தாடி மாவரைக்கிற மாதிரி இரையும். மேசை கிடையாது. தையல் மெஷின் பலகைமேல் மானிட்டரை வைத்திருந்தாள். தைத்துப் பழகிய கால் சும்மா இருக்காது. போட்டோவுக்குள் மூழ்கிவிட்டாள் என்றால் கீழே அவள் கால் தானாக மிதியை மிதிக்கும், சக்கரம் சும்மா சுற்றும். வாசலில் நின்று கேட்டாலே தெரிந்துவிடும். சக்கரம் சுற்றினால் வேலை நடக்கிறது. நின்றால் எங்கேயோ முட்டிக்கொண்டாள்.

எந்த முகத்தையும் பெரிதாக்குவதற்கு முன்னால் முந்தானையால் திரையைத் துடைப்பாள், பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுகிற மாதிரி. துபாயில் இருக்கிற மகனைக் குடும்பப் படத்தில் சேர்ப்பது, காதுகுத்து பிளெக்ஸில் ஓரத்தில் நிற்கிற தாய்மாமனை நடுவில் கொண்டுவருவது, பனியனோடு எடுத்த படத்துக்குச் சட்டை மாட்டுவது, எல்லாம் அவளிடம்தான் வரும்.

வாடகை வாங்கப் போன ஒரு நாள் சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன்.

"ஏத்தா, நீ வேலை பாக்குறது ஓசி சாப்ட்வேராமே? உன் புருஷன் சொல்லுறான். காசு குடுத்து நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?"

"ஓசி இல்லய்யா. இனாம்."

"ரெண்டும் ஒரே எழவுதானே."

"அதெப்புடி? ஓசின்னா நாமளாப் போயி பல்லக் காட்டி வாங்குறது. இனாம்னா அவுகளாக் கூப்பிட்டுக் குடுக்குறது. பழனிக்கு நடந்து போறவுகளுக்கு நீங்க மோர்ப் பந்தல் போடுறீக. அதுல ஒரு டம்ளர் குடிச்சவனை ஓசிப்பயன்னு சொல்லுவீகளா?"

சொல்ல மாட்டேன். ஆனால் என் மோர்ப் பந்தலில் ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ் இருக்கும். உபயம் என்று போட்டு என் பெயர், என் படம், என் கம்பெனிகள் எல்லாம் இருக்கும். கோயில் டியூப்லைட்டில்கூட வெளிச்சத்தைவிட என் பெயர் பெரிதாகத் தெரியும் என்று கிண்டல் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும், லைட் எரிகிறதா இல்லையா?

"சரி, இதை எழுதினவன் பேரு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

திரையில் எங்கேயோ உள்ளே போய் ஒன்றைத் தட்டினாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. எல்லாம் இங்கிலீஷ்.

"இம்புட்டுப் பேரா?"

"தேசம் தேசமா இருக்காகய்யா. ஆளுக்குக் கொஞ்சம் எழுதியிருக்காக."

"அட கிறுக்குப் பயலுகளா. இப்புடிக் கொண்டுபோயி உள்ளாற ஒளிச்சு வச்சா எவனுக்குத் தெரியும்? வாசல்ல போட வேணாமா?"

"தேடி வந்தவுகளுக்குத் தெரியும்ல" என்றாள். சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. போய்வா என்று அர்த்தம்.

அவளிடம் ஒரே ஒரு குணம்தான் பெரிதாகச் சொல்ல இருக்கிறது. அவள் எதையும் அழிக்க மாட்டாள். லாட்ஜ் ஆண்டு விழா பிளெக்ஸுக்காக என் தலைமுடியைக் கறுப்பாக்கச் சொன்னேன். செய்து காட்டினாள். பத்து வயது குறைந்திருந்தேன்.

"நரையெல்லாம் அழிச்சுட்டியா?"

"அழிக்கலய்யா. கண்ணை மூடி வச்சிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. காட்டினாள். ஒரு படம் என்பது ஒரே படம் இல்லையாம். கண்ணாடித் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி அடுக்கடுக்காக இருக்குமாம். நான் கட்டடக்காரன், சட்டென்று பிடித்துக்கொண்டேன். தரை பிளான்மேல் கரண்டு பிளானை வைத்துப் பார்ப்பது போல. ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு கண் வரைந்திருக்கிறது. கண்ணைத் தட்டினால் அந்த அடுக்கு மறைந்துவிடும். மறுபடி தட்டினால் வந்துவிடும். அவள் தட்டினாள், என் நரை வந்தது. தட்டினாள், போனது.

"வேண்டாததை ஒரேயடியா எடுத்துற வேண்டியதுதானே? மெஷினுக்குப் பாரம்தானே?"

"எடுத்துட்டா போனது போனதுதான்யா. மூடி வச்சா இருக்கும்."

இந்த மூடி வைக்கிற பேச்சினால் ஒரு தடவை பெரிய கூத்து நடந்தது. ஆத்தங்குடியில் அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து கல் பட்டறை வைத்திருந்தார்கள். பங்கு பிரித்ததில் பேச்சு நின்றுபோனது. தம்பி என் வரிசை வீட்டுக்கே குடிவந்துவிட்டான். அவன் இவளிடம் ஒரு குடும்பப் படத்தைக் கொடுத்து, "இதுல எங்கண்ணன் நிக்கக் கூடாது, ஒழிச்சுக் கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். இவள் வேலையை முடித்துவிட்டு அவனுக்குப் போன் போட்டாள். எடுத்தது அவன் பெண்டாட்டி.

"அக்கா, உங்க வீட்டுக்காரவுக அண்ணன் கண்ணை மூடியாச்சு. சாயந்தரம் வந்து வாங்கிக்கிறச் சொல்லுங்க."

அவ்வளவுதான். வாங்கிக்கொள்வது என்றால் ஆஸ்பத்திரியில் போய் உடலை வாங்குவது என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள். தம்பி ஒரு ரோஜா மாலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எவன் பைக்கிலோ தொற்றி, ஆத்தங்குடித் தெருமுனையிலேயே "அண்ணே, அண்ணே" என்று அலறிக்கொண்டு இறங்கியிருக்கிறான். அண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறான்.

"யாருக்குடா மாலை?" என்று கேட்டிருக்கிறான் அண்ணன்.

தம்பி மாலையை நீட்டியிருக்கிறான். "உனக்குத்தாண்ணே."

"எனக்கா? நான் என்னடா பண்ணுனேன்?"

டீக்கடைக்காரன் எல்லாம் புரிந்துபோய், "போடுறா, கொண்டாந்ததை எதுக்கு வாட விடுற?" என்றானாம். அண்ணன் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, "உசுரோட இருக்கப்பவே போட்டுட்ட. பின்னால செலவு மிச்சம்" என்று சொல்லி, சொன்ன வாய் மூடுவதற்குள் அழுதுவிட்டான் என்று சொன்னார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து அவள் வாசலில் வந்து நின்றார்கள். அடிக்க வந்தார்கள் என்று நான்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். அண்ணன்காரன் கேட்டான், "என்னைய எங்கனத்தா மூடி வச்ச? தெற பாப்போம்." அவள் கண்ணைத் தட்டினாள். படத்தில் தம்பிக்குப் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில் அவன் வந்து கைகட்டி நின்றான்.

"அவன் சொன்னபடிக்கு அழிச்சிருந்தியன்னா?"

"அழிக்க எனக்குக் கை வராதுண்ணே."

நான் அவளிடம் கண்டித்துச் சொல்லிவைத்தேன். "தாயி, இனிமே போன்ல கண்ணை மூடுனேன் கிண்ணை மூடுனேன்னு சொல்லாத. ஊரே கருமாதிக்குக் கிளம்பிரும்." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து வந்த தை மாதத்தில் என் வீட்டுக்காரி கண்ணை மூடினாள். அடுப்பில் பால் வைத்தவள், அது பொங்குவதற்குள் போய்விட்டாள். டாக்டரைக் கூப்பிடக்கூட எனக்கு வேலை வைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு. என் மண்டபத்திலேயே வைத்து, ஊரைக் கூப்பிட்டாயிற்று. திறப்பதற்குப் படம் இல்லை. எத்தனையோ திறப்பு விழா கண்டவன் நான். என் வீட்டுக்காரி படத்தைத் திறக்க ஒரு படம் இல்லை. அவள் காமிராவைக் கண்டால் முந்தானையை வாய்மேல் போட்டுக்கொள்கிறவள். மகள் தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டவள், கல்யாண ஆல்பங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றில் குனிந்திருக்கிறாள், ஒன்றில் முதுகு, ஒன்றில் பந்தியில் வாளியோடு ஓடுகிறாள், முகம் கலங்கிப்போயிருக்கிறது. ஆதார் அட்டையில் இருக்கிற படம் கட்டைவிரல் நகம் அளவு. அதைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது.

மீதி இருந்தது என் திறப்பு விழாப் படங்கள்தான். லாட்ஜ், கம்பெனி, மண்டபம், எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள். என் வலது தோளுக்குப் பின்னால் குங்குமத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் தோள் உயரம்தான் அவள். எட்டிப் பார்க்கிற மாதிரிதான் எல்லாப் படத்திலும் தெரிவாள். அத்தனை படத்தையும் சட்டத்தோடு கழற்றிக் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கடைசி வீட்டுக்காரி எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி அடுக்கினாள். லாட்ஜ் படத்தில் நெற்றியும் கண்ணும் நன்றாக விழுந்திருந்தன. கம்பெனி படத்தில் மூக்கு, மூக்குத்தியோடு. மண்டபத்துப் படத்தில் வலது காதும் தோடும். ஒன்றின்மேல் ஒன்று வைக்க வைக்க என் வீட்டுக்காரி மெல்ல மெல்லக் கூடி வந்தாள். கீழே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் கைக்கு ஒரு வேலையும் இல்லை.

"இப்ப உங்களை மூடப்போறேன்யா" என்று சொல்லிவிட்டு என் கண்ணைத் தட்டினாள். மாலையும் வெள்ளைச் சட்டையுமாக நடுவில் நின்றவன் காணாமல் போனேன். வீட்டுக்காரி மட்டும் நின்றாள்.

"நான் ஒரு தடவை தட்டவா?" என்று கேட்டேன்.

மவுஸை என் பக்கம் நகர்த்தினாள். அம்மாடி, அந்தச் சின்னச் சாமானைப் பிடிக்க என் விரல் ஒத்துவரவில்லை. அவள்தான் திரையில் ஓடுகிற அம்பைக் கண்ணுக்கு நேரே நிறுத்திக் கொடுத்தாள். தட்டினேன். நான் வந்தேன், வீட்டுக்காரி மறைந்தாள். மறுபடி தட்டினேன். நான் போனேன், அவள் வந்தாள். எத்தனை முறை தட்டினேன் என்று தெரியாது. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? திறப்பு விழா என்றால் முதலாளிதான் முன்னால் நிற்க வேண்டும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

என்னை எடுத்த இடத்தில் ஓட்டை இருந்தது. வீட்டுக்காரியின் இடது கன்னமும் தாடையும் எந்தப் படத்திலும் இல்லை.

"எல்லாத்துலயும் ஒரே இடந்தான்யா மறையுது" என்றாள். "வலப்பக்கத்துக் கன்னத்தைத் திருப்பி ஒட்டிப் பாத்தேன். யாரோ மாதிரி இருக்காக." கொஞ்ச நேரம் ஆதார் அட்டையையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, அம்மாவுக்கு இடது கன்னத்துல மச்சம் உண்டா? இந்த அட்டையில ஒரு கறுப்புப் புள்ளி தெரியுது. மச்சமா, அச்சு மையான்னு தெரியல."

சக்கரம் நின்றது.

என் லாட்ஜில் எந்தத் தூணுக்குள் எத்தனை கம்பி போகிறது என்று பூச்சைப் பார்த்தே சொல்வேன். மண்டபத்துத் தரையில் மாற்றிப் பதித்த கல் எது என்று கேளுங்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு போய் மிதித்துக் காட்டுகிறேன். அந்தப் பிள்ளை கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை. நினைத்துப் பார்க்கிறேன், தட்டு வருகிறது, குங்குமம் வருகிறது, வளையல் போட்ட கை வருகிறது. கன்னம் வர மாட்டேன் என்கிறது. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பெற்ற மகளிடம் போய் உன் அம்மாவுக்கு மச்சம் உண்டா என்று எந்த ஆம்பிளை கேட்பான்?

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரையை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள்.

"விடுங்கய்யா. தெரியாததை நானா வரையக் கூடாது. உங்க தோளை மட்டும் அங்கனயே விட்டுர்றேன். அது நெசந்தானே."

அப்படித்தான் அந்தப் படம் முடிந்தது. ஒரு பக்கம் முழு முகம். இடது கன்னத்தின் கீழ்ப்பாதியில் வெள்ளைச் சட்டைத் தோள் ஒன்று சரிந்து மறைத்திருக்கும். தோளுக்கு மேலே ஆள் கிடையாது. பின்னால் வெளிறிய நீலம்.

பிரிண்டுக்கு அனுப்பும்போது பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். "கீழ உபயம்னு எம் பேரப் போட்டுருத்தா."

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "செத்தவுக படத்துக்கு யாராச்சும் உபயம் போடுவாகளாய்யா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரி போனபிறகு முதல் தடவை சிரித்தது அங்கேதான். சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிதியை மிதித்தாள். அந்தச் சக்கரச் சத்தத்தில் நான் அழுதது வெளியே கேட்டிருக்காது.

படத்திறப்புக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தத் தோளைப் பார்த்து, "ஐயா தோள்ல சாஞ்ச மாதிரியே எடுத்திருக்காக பாரு" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் புருஷனுக்குத் திருப்பூர்ப் பக்கம் வண்டி கிடைத்து வீட்டைக் காலி செய்தார்கள். சாமானை எல்லாம் மினி லாரியில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்தாள். "இதுல ஐயா, அம்மா ரெண்டு பேரும் இருக்கீக. ஒண்ணும் அழிக்கல." அட்வான்ஸை முன்னதாகவே வாசல்படியில் நின்று வாங்கியிருந்தாள். வண்டி திரும்பிப் போனது. கொஞ்ச நாள் போன் பேசுவாள். இப்போது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது.

போன வாரம் மகள் வந்திருந்தாள். படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "அப்பா, இதுல அம்மாவைவிட ஒங்க சட்டைதான் பளிச்சுனு தெரியுது" என்றாள். கையில் போனை வைத்துக்கொண்டு என்னவோ தேய்த்தாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் நீட்டினாள். "இப்பப் பாருங்க. எல்லாம் ஃபிரீதான்."

தோள் இல்லை. இரண்டு கன்னமும் வழவழவென்று இருந்தன. இரண்டு காதிலும் தோடு மின்னியது. டி.வி. நாடகத்தில் வருகிற மாமியார் மாதிரி ஒருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரி பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் இல்லாத நேரத்தில் சிரித்தாளோ என்னவோ.

"இது யாரு?"

"என்னப்பா இப்புடிக் கேக்குறீக? அம்மாதான்."

"மச்சம் எங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"மச்சமா? எந்தப் பக்கம்ப்பா?"

"ஒனக்குத் தெரியாதா?"

"அம்மா எப்பவும் மஞ்சள் பூசியே இருக்கும்ல. நான் கவனிச்சதில்லையேப்பா."

அப்பனும் மகளும் சுவரில் இருக்கிற தோளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்பதற்கு யாரும் இல்லை. கடைசி வீட்டுக்காரி ஒரு வார்த்தை கேட்டாள். இந்தப் போன் எங்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மகள் புதுப் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்துவிட்டாள். வருகிற திதிக்கு அதைத்தான் மாட்டப்போகிறார்களாம். "பழசு எங்கயும் போயிறாதுப்பா, பரணில இருக்கட்டும்" என்கிறாள். நான் குரலை உயர்த்திப் பார்த்தேன். முன்பெல்லாம் குரலை உயர்த்தினால் கலவை மெஷினே நிற்கும். இப்போது "பிரஷர் மாத்திரை போட்டீகளா" என்று கேட்கிறார்கள். பென் டிரைவ் பீரோவில் சாவிக்கொத்தோடு கிடக்கிறது. அதை எங்கே செருகுவது, எந்தக் கண்ணைத் தட்டுவது, எனக்குத் தெரியாது.

அதனால் எழுதிவைக்கிறேன். லாட்ஜில் இருக்கிற என் பெயரைப் பெயர்த்து எடுத்தாலும் நான் கேட்க மாட்டேன். மண்டபத்துக் கல்வெட்டில் சுண்ணாம்பு அடியுங்கள். டியூப்லைட், மோர்ப் பந்தல், எதிலும் நான் இல்லாமல் போகட்டும். அந்தப் படத்தில் இருக்கிற வெள்ளைச் சட்டைத் தோள் என்னுடையது. அதை யாரும் மூடக் கூடாது. சுவரில் இருந்து அந்தப் படத்தை இறக்கவும் கூடாது. கீழே சின்ன எழுத்தில் போட்டால் போதும். படம் செய்தது, கடைசி வீட்டில் குடியிருந்தவள். தோள், என் உபயம்.